லுன்ஸ் ஏரிக்கரையில் ஓர் ஆய்வுகூடம்

ஒஸ்திரியாவின் அல்ப்ஸ் மலைச்சாரலில் லுன்ஸ் என்னும் சிறிய ஏரி உண்டு. 1905இல் கார்ல் குப்பெல்வீசர் என்ற செல்வந்தர் அங்கு ஓர் உயிரியல் நிலையத்தை நிறுவினார். நன்னீர் ஆய்வின் தொட்டில்களுள் ஒன்றாக அதனைக் கருதலாம். பல தசாப்தங்கள் அதனை வழிநடத்திய பிரான்ஸ் றுட்னர், 1928-29இல் சுமாத்திரா, யாவா, பாலி ஆகிய தீவுகளின் ஏரிகளை ஆராய்ந்த ஜேர்மானியக் குழுவிலும் இடம்பெற்றிருந்தார்.

இத்தகைய புகழ்பெற்ற நிலையமே 2003இல் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டை எட்டும் வேளையில் நேர்ந்த முடிவு அது. ஆயினும் 2005இல் மூன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றிணைந்து, 'வாசர்கிளஸ்டர் லுன்ஸ்' என்ற பெயரில் ஆய்வையும் கற்பித்தலையும் அங்கே மீண்டும் தொடக்கின.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை விரிவாக ஆராய்ந்து 1983இல் வெளிவந்த நூலின் பதிப்பாசிரியர் பிரிட்ஸ் ஷீமர், ஒஸ்திரிய நன்னீரியல் அறிஞரே. குளங்களை நம்பி வாழும் நாடு நம்முடையது. நீரின் வெப்பமும் ஒட்சிசனும் நுண்ணுயிர்களும் மாறும் போக்கை ஓரிரு வருட அளவீடுகளால் அறிய முடியாது; தலைமுறை தாண்டிய பதிவுகள் வேண்டும். கட்டடத்தைப் பின்னர் புதுப்பிக்கலாம், கருவிகளையும் வாங்கலாம். அளக்கத் தவறிய ஆண்டுகளை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.