கல்லைப் பார்த்தவர்கள், கல்லுக்குப் பெயர் வைத்தவர்கள்

காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் ஆடு மேய்ப்பவர் யாருக்கும் சுருண்ட கல் புதிதில்லை. மழை பெய்து கரை அரித்தால் சங்கு மாதிரி, சுருண்டு படுத்த பாம்பு மாதிரி, விரல்துண்டு மாதிரி கல் வெளியே வந்து கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும். இந்தப் பொறுக்கல் வரலாற்றில் சேராது. புத்தகப்படி இக்கற்கள் 'கண்டுபிடிக்கப்பட்டது' 1840களில்தான். அப்படியானால் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னத்தைப் பார்த்தார்கள்?

சென்னை மாகாணத்தில் அதிகாரிகளாக இருந்த கே, கன்லிஃப் ஆகியோர் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிய கற்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். துரைமார் ஒவ்வொரு ஓடையிலும் தாமே குனிந்து பொறுக்கியிருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம். காட்டிக் கொடுத்தவர், சுமந்தவர், வண்டி கட்டியவர் என்று ஒரு வரிசையே இருந்திருக்க வேண்டும். அறிக்கையின் தலைப்பில் இடம்பெற்றவை இரண்டு பெயர்கள்தான்.

பிறகு 1851இல், முதன்மையாக நிலக்கரி தேட, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அமைக்கப்படுகிறது. அதன் பிளான்ஃபோர்டு இந்த வட்டாரத்தின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக அடுக்கினார். அடியில் கிடப்பது ஊட்டத்தூர், மேலே அரியலூர். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிஸ்கா இங்கே கிடைத்த உயிரெச்சங்களை வகைவகையாகப் பிரித்து, 1873 வரை பெரும் தொகுதிகளாக எழுதினார். யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் 1874இல் செத்துப்போனார். அவருடைய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கிரெடேசியஸ் காலத்தில் (14.5 கோடி ஆண்டிலிருந்து 6.6 கோடி ஆண்டுக்கு முன்புவரை) இங்கே கடல் இருந்தது, அது பலமுறை ஏறி இறங்கியது என்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்ட உழைப்பால்தான். நாம் கேட்பது வேறு. ஊரின் பெயரை எடுத்துக்கொண்ட அறிவு ஊர்க்காரர்களை எங்கே வைத்தது? 'அரியலூர்' உலகப் புவியியலில் ஒரு பாறைத்தொகுதி, அதன் வழியே ஒரு காலப்பகுதி. அரியலூரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இது வெகுகாலம் யாரும் சொல்லாத சங்கதி.

சாத்தனூர் கல்மரமும் இப்படித்தான். பதினெட்டு மீட்டர் நீளம். ஆற்றோடு வந்து கடலில் அமிழ்ந்து, மணலுக்கடியில் கிடந்து கல்லான மரம். எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அது வேலிக்குள் இருக்கிறது. வேலி அவசியம்தான், இல்லாவிட்டால் ஆளுக்கொரு துண்டு பெயர்த்துக்கொண்டு போவோம். ஆனாலும் வேலி போட்டதும் அது 'பார்வையிடும்' பொருளாகிவிடுகிறது. ஓரமாய் ஆடு ஓட்டிப் போகிறவருக்கு அது வழியில் கிடக்கிற மரமாக இருந்த காலம் முடிந்துபோகிறது.

இன்னொரு பெயர் வைப்பு நமக்கு நன்றாகத் தெரிந்தது. இங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அந்தக் கடல் உயிர்களின் ஓடும் கூடும்தான். அதைச் சுட்டு அரைத்தால் சிமெண்ட். கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939இல் வந்தது, ரயில் நிலையம் டால்மியாபுரம் ஆயிற்று. 1953 ஜூலையில் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தார்கள். திமுக ஆட்சிக்கு வந்தபின் நிலையத்துக்குப் பழைய பெயர் திரும்பியது. தமிழ் அரசியலின் வீரக் கதையாடல்களில் இது ஒன்று. ஆனால் போராட்டம் பலகையில் இருந்த பெயரைப் பற்றியது, பலகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்த கல்லைப் பற்றியதல்ல. இதில் ஒரு வேடிக்கை: புவியியல் கட்டுரைகளில் அங்குள்ள பாறைப்படிவு 'டால்மியாபுரம் படிவு' என்றே நீடிக்கிறது. அந்தப் பலகையை அழிக்க யாரும் போகவில்லை!

அரியலூரைச் சுற்றி அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாய்ப் பெருகின. மேய்ச்சல் நிலம் குழியாயிற்று. குழியில் தண்ணி நிக்குது, ஆடு இறங்க வழியில்லை. அதே குழியின் சுவரில்தான் ஆய்வாளர்கள் அடுக்கடுக்காய்ப் படிவுகளைப் படிக்கிறார்கள். வெட்டாமல் இருந்தால் படித்திருக்க முடியாது, வெட்டியதால் படித்ததும் மிஞ்சாது. இந்த முடிச்சை 'வளர்ச்சியா இயற்கையா' என்ற மேடைக் கேள்வியால் அவிழ்க்க முடியாது.

கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டராம். பெயர் 'ப்ருஹத்காயசாரஸ் மாட்லெயி': முன்பாதி சமஸ்கிருதம், பின்பாதி மாட்லி என்ற ஆங்கிலேயப் புவியியலாளர். கல்லமேடு இதில் எங்கும் இல்லை. ஊன் உண்ணி என்றார்கள் முதலில், பிறகு தாவர உண்ணி என்றார்கள், கல்மரத்தைத்தான் எலும்பென்று நினைத்துவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சரிபார்க்க எலும்பு இல்லை, பொடிந்துபோயிற்று. 2022இல் வெளியான பழைய புகைப்படங்கள்தான் சாட்சி. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடியது, நம்மிடம் படமாக இருக்கிறது.

2020 அக்டோபரில் குன்னத்தில் உருண்டை உருண்டையாய்க் கற்கள் தென்பட்டபோது டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள் வல்லுநர்கள். ஊர் ஏமாந்தது என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் கல்லமேட்டில் கல்லா எலும்பா என்று முப்பது வருசம் குழம்பியது ஊரல்ல.