திருவள்ளூர் மாவட்டத்தில் வேட்டைத் தடை

திருவள்ளூர் மாவட்டத்தில் வேட்டைத் தடை என்பது கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை உள்ளிட்ட பகுதிகளின் காப்புக்காடுகளிலும் பழவேற்காடு பறவைகள் சரணாலயத்திலும் பிற நிலங்களிலும் காட்டுயிர்களைப் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் உள்ள சட்டத் தடையைக் குறிக்கும். இது மாவட்டத்திற்கெனத் தனியாக இயற்றப்பட்டதன்று. 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு அடிப்படையாகும்.

தடையின் எல்லை

வனச் சட்டம் காப்புக்காட்டிற்குள் வேட்டையாடுதல், சுடுதல், நீரில் நஞ்சு கலத்தல், கண்ணி வைத்தல் ஆகியவற்றைத் தடுக்கிறது. காட்டுயிர்ச் சட்டமோ காட்டின் எல்லையோடு நிற்பதில்லை. ஏரிக்கரை, வயல், தொழிற்பேட்டையின் முட்புதர் என எங்கும் அது பொருந்தும். தனியார் நிலமாயினும் விலக்கில்லை. கொல்லுதல் மட்டுமன்றிப் பொறி வைத்தல், துரத்துதல், அவற்றுக்கான முயற்சி, பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துதல் ஆகியனவும் வேட்டையே. முன்பு உரிமம் பெற்று வேட்டையாடும் முறை இருந்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஒழித்தது.

அமலாக்கம்

சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக நம்பத் தகுந்த காரணமிருப்பின் வன அலுவலர் பிடியாணையின்றி வாகனத்தைச் சோதிக்கவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைக் கைது செய்யவும் இயலும். காவல்துறையினருள் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்க்கும் இவ்வதிகாரம் உண்டு. கைதானவர் உடனே நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படல் வேண்டும். முதல் அட்டவணையிலுள்ள உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையலாகாது. இறைச்சிக்காகப் பிடிக்கப்படும் உடும்பு இவ்வட்டவணையைச் சேர்ந்தது என்பது பலரும் அறியாதது.

இருளர்கள்

இச்சட்டத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்டோர் இப்பகுதியில் பரவலாக வாழும் இருளர் பழங்குடியினரே. பாம்பு பிடித்துத் தோல் விற்பது அவர்களது பிழைப்பாக இருந்தது. 1970களில் தோல் வணிகம் தடைப்பட்டபோது வாழ்வாதாரமே குற்றமாயிற்று. இதற்கு மாற்றாக 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம், அரசின் அனுமதி பெற்று நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறது. நச்சுமுறி மருந்துக்கான மூலப்பொருள் இந்நஞ்சே. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

எனினும் அனுமதிக்கப்படும் பாம்புகளின் எண்ணிக்கை வரம்புடையது. சங்கத்தில் உறுப்பினரல்லாத இருளர்க்கு அவ்வழி திறக்கவில்லை. அவர்களது மற்றொரு தொழிலான வயல் எலி பிடித்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் எலிகளைத் தீங்குயிர் அட்டவணையில் வைத்திருந்தது. அவ்வட்டவணை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருட்கள் சேகரிப்பு முதலிய மரபுரிமைகளை ஏற்கிறது. ஆயினும் வேட்டையாடும் மரபுரிமையை அது வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. ஆகவே காட்டில் குடியிருக்கும் உரிமை பெற்ற இருளரும் அங்கு முயலுக்குக் கண்ணி வைத்தால் குற்றவாளியாகவே கருதப்படுவார்.