குளிர்காலத்தில் தேனீயின் பங்கு

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரால் அமைந்தது. அதன் 68, 69ஆம் வசனங்களைத் தேனின் மருத்துவக் குணத்தைச் சொல்லும்போது நாம் நினைவுகூர்கிறோம். தேனை எடுத்துக்கொள்ளும் நாம் தேனீக்குச் செலுத்த வேண்டிய கடமை உண்டா என்று கேட்பது அரிது. நம் இமாம்கள் அதைக் கேட்டார்கள். குளிர்காலத்தைக் குறிப்பிட்டே விடையும் எழுதினார்கள்.

சிரியாவின் நவா என்னும் ஊரில் ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1233) பிறந்து, டமாஸ்கஸில் வாழ்ந்து கற்பித்தவர் இமாம் நவவீ (ரஹ்). அவர்களுடைய ‘ரவ்ழதுத் தாலிபீன்’ ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூல்களுள் ஒன்று. அதில் ஒருவர் தம் பொறுப்பில் உள்ளோருக்கு அளிக்க வேண்டிய பராமரிப்பு, அதாவது நஃபகா, விளக்கப்படும் இடத்தில் கால்நடைகளோடு தேனீயும் பட்டுப்புழுவும் இடம்பெறுகின்றன. தேன் எடுப்பவர் கூட்டில் தேனீக்களுக்கெனச் சிறிது தேனை விட்டுவைக்க வேண்டும். எடுப்பது குளிர்காலமாக இருந்து, தேனீக்கள் வெளியே செல்ல இயலாவிட்டால், விட்டுவைக்கும் அளவு கூட வேண்டும். வேறோர் உணவு தேனுக்கு ஈடாகுமானால் தேனையே விட்டுவைப்பது கட்டாயமன்று. இதுவே அச்சட்டத்தின் சாரம்.

குளிர்காலத்தில் ஏன் கூடுதல் பங்கு? தேனீக்கள் குளிரில் உறங்கிக் கிடப்பதில்லை. வெப்பம் ஏறத்தாழ 14 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அவை நெருங்கித் திரண்டு ஒரு பந்துபோல் ஆகின்றன. வெளிப்புறத்தில் இருப்பவை போர்வையாக அமைய, உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளை அதிரச்செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. அந்த அடுப்புக்கு விறகு தேன்தான். தேன் தீர்ந்தால், கூட்டை எவ்வளவு மூடி வைத்தாலும் கூட்டம் மடிந்துவிடும். 1914இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், டெமுத் என்னும் ஆய்வாளர் இருவர் கூட்டுக்குள் வெப்பத்தை அளந்து இதனை விளக்கினர். அந்த அளவீடு இல்லாத காலத்திலேயே ஃபிக்ஹு நூல் குளிருக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் கருத்தில் கொண்டிருந்தது.

மத்தியக் கிழக்கில் வழங்கிய கூடுகளும் இதற்கு இடம் தந்தன. களிமண்ணால் செய்த நீண்ட குழாய்களைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பின்புறத்தைத் திறந்து சில அடைகளை மட்டும் அறுத்துக்கொண்டு, எஞ்சியதைத் தேனீக்களுக்கு விட்டுவிடலாம்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் நெடுங்காலம் வழங்கிய வைக்கோல் கூடையில் அது எளிதன்று. அடைகள் கூடையோடு ஒட்டியிருக்கும். ஆகவே இலையுதிர் காலத்தில் கூடைகளைத் தூக்கி எடை பார்ப்பார்கள். மிகவும் கனத்தவற்றில் தேன் நிறைய இருக்கும். மிகவும் இலேசானவை குளிரைத் தாங்கா. இவ்விரு வகையையும் கந்தகப் புகையில் வைத்துக் கொன்று தேனை எடுப்பார்கள். இடைப்பட்டவையே அடுத்த வசந்தத்துக்கு எஞ்சும். அதிகமாக உழைத்துச் சேர்த்த கூட்டமே முதலில் அழிந்தது.

1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைத்துவிடாமல் நடைவழியாக வைத்துக்கொள்கின்றன என்று கண்டார். அதைக்கொண்டு, கழற்றி எடுக்கத்தக்க சட்டங்கள் உள்ள பெட்டியை அமைத்து, 1852இல் காப்புரிமை பெற்றார். தேனீக்களைக் கொல்லாமல் வேண்டியதை எடுத்து, குளிர்காலப் பங்கை விட்டுவைப்பது அதன்பின் எளிதாயிற்று.

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் என்னும் பறவை ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. கொல்லாமல் விடுவது ஒரு படி. உண்ண வைத்துவிட்டு எடுப்பது அதற்கும் மேலான படி. ஃபிக்ஹு நம்மை அந்த இரண்டாம் படிக்கு அழைத்துச் செல்கிறது.

நம் ஊர்களில் பனி பொழிவதில்லை. ஆயினும் மழை நீடித்துப் பூ அற்றுப்போகும் மாதங்கள் உண்டு. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர் அம்மாதங்களில் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். தேனுக்கு ஈடான உணவு என்று இமாம் குறித்தது இத்தகையதே. கால்நடையோ கோழியோ தேன்பெட்டியோ எதை வளர்த்தாலும், பலன் குறைந்த காலத்தில் அதன் உணவு நம் பொறுப்பு. வீட்டில் தேன் புட்டியைத் திறக்கும்போது இதனையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.