கல்குலேட்டர் வித்த ஆறு பேர்

1976 எண்டதும் கொம்பியூட்டர் வரலாறு படிக்கிற ஆக்கள் நேரே கலிபோர்னியாவுக்குத்தான் ஓடுவினம். ஏப்ரல் 1, ஸ்டீவ் ஜொப்ஸ், வொஸ்னியாக், ஒரு கராஜ், அப்பிள். அது படமாவும் வந்திட்டுது, புத்தகமாவும் வந்திட்டுது. அதே வருசம் ஒகஸ்ட் மாதம் டில்லியில் இன்னொரு கொம்பியூட்டர் கம்பனி பிறந்தது. தொடங்கின ஆறு பேரில் முன்னுக்கு நின்றவர் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மூலைப்பொழி என்ற கிராமத்தில் பிறந்த தமிழர். இந்தக் கதையை நாங்கள் எங்களுக்குள்ள கூடக் கதைக்கிறது குறைவு.

சிவ் நாடார் 1945இல் பிறந்தவர். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல் படித்தார். பிறகு வடக்கே போய் டி.சி.எம்., அதாவது டில்லி கிளோத் மில்ஸ் குழுமத்தில், கல்குலேட்டர் செய்கிற பிரிவில் சேர்ந்தார். துணி ஆலைக் கம்பனிக்குள் கல்குலேட்டர். அந்தக் கால இந்தியாவில் இப்படித்தான் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1975இல் அவரும் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி, சுபாஷ் அரோரா, யோகேஷ் வைத்யா, டி.எஸ். பூரி ஆகியோரும் நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கையில் சேர்ந்த முதல் 1,87,000 ரூபாய். இடம், டில்லியில் ஒரு மொட்டைமாடி அறை.

ஆசை கொம்பியூட்டர் செய்யிறதில். ஆனால் அதுக்குக் காசும் இல்லை, அரசாங்க அனுமதியும் இல்லை. அதனால் முதலில் மைக்ரோகொம்ப் என்ற பெயரில் கல்குலேட்டர் வித்தார்கள். யாருக்குப் போட்டியாக? நேற்றுவரை தங்களுக்குச் சம்பளம் தந்த டி.சி.எம்.முக்கு. நாள் முழுக்கக் கல்குலேட்டர் வித்த காசில்தான் கொம்பியூட்டர் கனவு சாப்பிட்டது.

அப்பிள் கதையிலும் கல்குலேட்டர் இருக்கு. வொஸ்னியாக் அப்போது எச்.பி. கம்பனியின் கல்குலேட்டர் பிரிவில் பொறியியலாளர். முதல் தேடுவதற்கு அவர் வித்தது தன்னுடைய எச்.பி. கல்குலேட்டரை, ஜொப்ஸ் வித்தது தன்னுடைய வானை. மூன்றாவது பங்காளி ரொன் வெய்ன் பத்து வீதப் பங்கோடு வந்தவர், 12 நாளில் 800 டொலரை வாங்கிக்கொண்டு விலகினார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்பு ஒரு தொழிலில் நொந்தவர் அவர். கூட்டு வணிகத்தில் கடன் வந்தால் கடன்காரன் வந்து நிற்பது, சொத்து ஏதும் இருக்கிற ஆளின் வாசலில்தான். மற்ற ரெண்டு பெடியளிடமும் ஒண்டும் இல்லை.

டில்லிக்கு வருவோம். கொம்பியூட்டர் செய்யும் அனுமதிக்காக ஆறு பேரும் உத்தரப் பிரதேச மாநில அரசோடு கூட்டுச் சேர்ந்தார்கள். 26 வீதப் பங்கு அரசுக்கு. பெயர் ஹிந்துஸ்தான் கொம்பியூட்டர்ஸ் லிமிடெட், சுருக்கமாக எச்.சி.எல். 1978இல் அவர்களுடைய 8சி கொம்பியூட்டர் வந்தது. நேரமும் கைகொடுத்தது. வெளிநாட்டுக் கம்பனிகள் உள்ளூர்க்காரருக்குப் பங்கு விட்டுத்தரவேண்டும் என்ற சட்டத்துக்குப் பணியாமல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுக் கிளம்பியது அந்த நேரம்தான். எங்கட பக்கம் 1977க்குப் பிறகு நடந்தது நேர்மாறு: கதவு திறந்தது, சாமான் வந்து குவிந்தது. வாங்கப் பழகினோம். செய்து பார்க்கவேண்டிய நெருக்கடி எங்களுக்கு வரவே இல்லை.

சரி, உள்ளுக்குள்ள நடந்த இழுபறி? இதில்தான் ரெண்டு கம்பனிகளும் பிரியினம். அப்பிளின் சண்டைகள் எல்லாருக்கும் தெரியும். 1975இல் அட்டாரி கம்பனிக்காக ஒரு விளையாட்டை வொஸ்னியாக் நாலு நாள் நித்திரை முழித்து வடிவமைக்க, ஜொப்ஸ் அவருக்குக் கொடுத்தது 350 டொலர். தனக்கு வந்த பெரிய போனஸைச் சொல்லவே இல்லை. 1980இல் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, ஜொப்ஸோடு இந்தியாவுக்குப் போன பழைய நண்பன் டேனியல் கொட்கேக்கு ஜொப்ஸ் ஒரு பங்கும் கொடுக்கவில்லை. தன் பங்கிலிருந்து அள்ளிக் கொடுத்தவர் வொஸ்னியாக். மெக்கின்டோஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், ஜொப்ஸ் அதைக் கையில் எடுத்தபிறகு 1982இல் வெளியேறினார். 1985இல் வொஸ்னியாக் போனார். அதே வருசம், தானே கூட்டிவந்த ஸ்கல்லியிடம் தோற்று ஜொப்ஸும் போனார்.

எங்கட பக்கத்துக் கம்பனிகள் இப்படி வெளியில் சண்டை பிடிக்கிறதில்லை. ‘சுமுகமாகப் பிரிந்தோம்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். எச்.சி.எல்.லில் சௌத்ரி 1980இல் சிங்கப்பூரில் புதுக் கம்பனியைக் கட்டப் போனார். மல்ஹோத்ரா 1989இல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே இந்தியக் கொம்பியூட்டர் விற்கும் திட்டம் எடுபடவில்லை. 1998இல் விலகி, ஐம்பது வயதை நெருங்கும்போது டெக்ஸ்பான் என்று புதிதாகத் தொடங்கினார். வைத்யா, அரோரா, பூரி எல்லாரும் ஒவ்வொருத்தராக நகர்ந்துவிட்டார்கள். மொட்டைமாடியில் ஆறு பேர். பெரும்பங்கு கடைசியில் ஒரு குடும்பத்திடம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் ‘ஆறு நண்பர்கள்’ என்று கதை தொடங்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லவேணும்.

இன்போசிஸ் கதையில் எனக்கு உறுத்துறது வேறொன்று. 1981இல் ஏழு பேர் தொடங்கினார்கள். அசோக் அரோரா 1989இல் விலகினார். அடுத்த வருசம் கம்பனியைப் பத்து லட்சம் டொலருக்கு வாங்க ஆள் வந்தது. மற்றவர்கள் தளர்ந்திருந்த நேரம், உங்கள் எல்லாருடைய பங்கையும் நானே வாங்குகிறேன் என்றார் நாராயண மூர்த்தி. கையில் காசில்லாத மனிசன்! ஒருவரும் விற்கவில்லை. இது பலமுறை சொல்லப்பட்ட வீரக்கதை. ஆனால் முதல் 10,000 ரூபாய் கொடுத்தது சுதா மூர்த்தி. அவரும் பொறியியலாளர்தான், டெல்கோவில் வேலை பார்த்தவர். ரெண்டு பேரில் ஒருவர்தான் கம்பனிக்குள் இருக்கலாம் என்று கணவர் சொன்னபோது ஒதுங்கியது அவர். தொடங்கினவர்கள் ஏழு பேர் எண்டு இண்டைக்கும் எண்ணுகினம்.

2020இல் சிவ் நாடார் எச்.சி.எல். டெக்னொலொஜிஸின் தலைவர் பதவியை மகள் ரோஷ்ணியிடம் கொடுத்தார். அதே வருசம்தான் கம்பனி இலங்கைக்கும் வந்தது. வெள்ளவத்தை, பாமன்கடைப் பிள்ளைகளும் இனி அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தேர்வில் டி.எஸ். பூரி யார் எண்டு ஒருத்தரும் கேட்கப்போறதில்லை.