தொண்ணூற்றொன்பதில் நின்ற கணக்கு

டெஸ்ட் கிரிக்கெட்டின் துடுப்பாட்டச் சராசரிகளை வரிசைப்படுத்திப் பார்க்கிறவர்கள் டொனால்ட் பிராட்மனின் 99.94 என்ற எண்ணை அறிவார்கள். அதற்கு மிகக் கிட்டிய ஓர் எண்ணோடு கொழும்பில் பிறந்த முஸ்லிம் வீரர் ஒருவரும் இருக்கிறார். அவருடைய சராசரி 99.00. பெயர் நவீட் நவாஸ். பிராட்மன் அந்த எண்ணை எட்ட 52 டெஸ்ட் போட்டிகள் ஆடினார். நவாஸுக்குக் கிடைத்தது ஒன்றேயொன்று.

இந்த ஒப்பீட்டை வேடிக்கைக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவோர் உண்டு. நெஞ்சு கனத்துச் சொல்வோரும் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தேநீர்க் கடை வாங்குகளில் தேசிய அணித் தெரிவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பெயர் எப்படியோ வந்து சேரும். "எங்கட ஆள் என்றபடியால்தான் விட்டுட்டாங்கள்" என்று ஒருவர் சொல்வார். "திறமை இருந்தால் எவன் தடுப்பான்?" என்று மற்றவர் கேட்பார். பேச்சு அவ்விடத்திலேயே நின்றுவிடும். இரு தரப்பாரும் தத்தமது முடிவை முன்கூட்டியே கையில் வைத்திருக்கிறார்கள். நடந்தது என்ன என்று பார்க்க எவரும் மெனக்கெடுவதில்லை. இக்கட்டுரை அந்தச் சிறு வேலையைச் செய்ய முயல்கிறது.

நவீட் நவாஸ் 1973 செப்டெம்பர் 20 இல் பிறந்தவர். இடதுகைத் துடுப்பாட்ட வீரர். கற்றது கொழும்பு டி. எஸ். சேனாநாயக்க கல்லூரியில். 1967 இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, 1835 இல் வேர்விட்ட றோயல் கல்லூரியோடும் 1851 இன் சென். தோமஸ் கல்லூரியோடும் ஒப்பிட்டால் நேற்று முளைத்த கன்று. பழைய மாணவர் பலமும் நூறாண்டுப் 'பிக் மெட்ச்' பெருமையும் அதற்கு அப்போது இல்லை. அங்கிருந்து புறப்பட்ட ஒரு பையன் என்.சி.சி. போன்ற பழம்பெரும் கழகத்தில் இடம்பிடித்து, உள்ளூர்ப் போட்டிகளில் ஆண்டாண்டாக ஓட்டங்களைக் குவித்தார் என்பதே ஒரு சாதனைதான். 1998 இல் ஒருநாள் அணிக்கு வந்தார். 2002 வரையான காலத்தில் அவர் ஆடிய ஒருநாள் போட்டிகள் மொத்தம் மூன்று.

2002 ஜூலையில் பங்களாதேஷ் அணி இலங்கைக்கு வந்தது. முதல் டெஸ்ட் பொரளைப் பக்கமுள்ள பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. அதில் அரவிந்த டி சில்வா 206 ஓட்டங்கள் பெற்றார். அதுவே அவரது கடைசி டெஸ்ட் ஆட்டமாகவும் அமைந்தது. இலங்கை ஓர் இன்னிங்ஸாலும் 196 ஓட்டங்களாலும் வென்றது. இரண்டாவது டெஸ்ட் ஜூலை 28 இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தொடங்கியபோது முன்னணி வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் நவாஸுக்குக் கதவு திறந்தது. வயது இருபத்தெட்டு தாண்டி இருபத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் இன்னிங்ஸில் 21. இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 78. மறுமுனையில் மைக்கல் வாண்டோர்ட் 140 ஓட்டங்கள் பெற்றார். 2 விக்கட்டுகளுக்கு 263 ஓட்டங்கள் என்ற நிலையில் இலங்கை ஆட்டத்தை இடைநிறுத்தியது. 288 ஓட்டங்களால் வெற்றி. ஒரு தடவை மட்டும் ஆட்டமிழந்து மொத்தம் 99 ஓட்டங்கள். சராசரி 99.00. அதன்பின் நவாஸ் டெஸ்ட் அணியில் ஆடவேயில்லை.

இனி, நமது தேநீர்க் கடை வாதங்களுக்கு வருவோம்.

முஸ்லிம் என்பதால்தான் என்ற வாதத்தை முதலில் எடுப்போம். அதே இன்னிங்ஸில் சதமடித்த வாண்டோர்ட் யார்? கொழும்பு சென். ஜோசப் கல்லூரியில் கற்ற பறங்கி இனத்தவர். அந்த 140 க்குப் பிறகு அவரும் அடுத்த டெஸ்டுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். சதமடித்தவருக்கே அந்தக் கதி என்றால், 78 அடித்தவருக்கு நேர்ந்ததை மதத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. மேலும், தெரிவாளர் மேசையின் மறுபக்கத்திலும் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள். வெஸ்லி கல்லூரி தந்த சுழற்பந்து வீச்சாளர் அபு புவாட், டெஸ்ட் அந்தஸ்துக்கு முந்திய இலங்கை அணிக்கு ஆடியவர். பின்னாளில் கிரிக்கெட் நிர்வாகத்தில் செல்வாக்கோடு விளங்கியவர். மேசையில் ஒருவர் இருந்துவிட்டால் சமூகம் முழுவதற்கும் நீதி கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதவுகள் எல்லாம் எப்போதும் மூடியே கிடந்தன என்றும் சொல்ல முடியாது.

நவாஸுக்குப் பின் வந்தவர்களையும் பார்க்க வேண்டும். பர்வீஸ் மஹ்ரூப், 2004 இல் இளையோர் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார்; அதே ஆண்டில் டெஸ்ட் அணிக்குள் வந்தார். 2006 ஒக்டோபரில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கட் வீழ்த்தினார். 22 டெஸ்ட்களும் 109 ஒருநாள் போட்டிகளும் ஆடினார். ஜெஹான் முபாரக் 2007 க்குப் பின் டெஸ்ட் அணியிலிருந்து மறைந்து, 2015 இல் மீண்டும் அழைக்கப்பட்டார். துவான் மொஹமட் டில்ஷான் என்று பிறந்தவர் 1999 இல் பெயரை மாற்றிக்கொண்டு திலகரத்ன டில்ஷானாக உலகப் புகழ் பெற்றார். அந்தப் பெயர் மாற்றத்தைத் தெரிவோடு முடிச்சுப் போட்டு நம் மத்தியில் பேசாதவர் குறைவு. அது அவரது குடும்பத்தின் விடயம். அதை வைத்து ஒரு சமூகத்தின் தலையெழுத்தை வாசிப்பது நியாயமல்ல. ஒன்று மட்டும் உண்மை. முஸ்லிம் பெயரோடு இலங்கைக்காக டெஸ்ட் ஆடியவர்களை எண்ண விரல்கள் போதும். அந்தச் சிறிய எண்ணிக்கைக்கான காரணத்தைத் தெரிவுக் குழுவின் அறைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் சேர்கிறான், தோல்பந்துக்கும் காலுறைக்கும் செலவழிக்க எந்த வீட்டில் முடிகிறது, எந்தத் தந்தை மகனைக் கடையில் இருத்தாமல் பயிற்சிக்கு அனுப்புகிறார் என்ற இடங்களிலிருந்தே தேட வேண்டும்.

இனி மற்ற வாதம்: திறமை இருந்தால் எவரும் தடுக்க முடியாது. இது இன்னும் இலகுவில் உடையக்கூடியது. 1948 பெப்ரவரியில் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக அண்டி கன்ரோம் என்ற டிரினிடாட் வீரர் தம் முதல் டெஸ்டில் 112 ஓட்டங்கள் பெற்றார். அடுத்த டெஸ்டில் அவர் இல்லை. மெதுவாக ஆடினார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1957 இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டும் ஒரு டெஸ்டிலேனும் இடம் கிடைக்கவில்லை. 2016 இல் அவர் இறக்கும்போதும் சராசரி 112 ஆகவே இருந்தது. 1973 இல் நியூசிலாந்தின் ரொட்னி ரெட்மண்ட் பாகிஸ்தானுக்கு எதிரான தம் ஒரே டெஸ்டில் 107 உம் 56 உம் பெற்றார். அவரது கதையும் அத்தோடு முடிந்தது. திறமை கதவைத் தட்டும். திறப்பவன் உள்ளே இருக்கிறான். அவன் யாரைப் பார்க்கிறான், எப்போது பார்க்கிறான், எவரை முன்னரே அமர்த்திவிட்டான் என்பவை திறமையின் கையில் இல்லை.

நவாஸின் காலத்து அணியை நினைத்துப் பாருங்கள். ஜயசூரிய, அத்தபத்து, சங்கக்கார, மஹேல, திலகரத்ன, ஆர்னல்ட். இவர்களுக்குப் பின்னால் இளையவர்கள் வரிசையில் நின்றார்கள். இருபத்தொன்பதை எட்டும் ஒருவரிடம் தெரிவாளர் கேட்கும் கேள்வியும் இருபத்தொரு வயதுப் பையனிடம் கேட்கும் கேள்வியும் வேறு. முன்னவர் உடனே நிரூபிக்க வேண்டும். பின்னவருக்குத் தோற்றுக் கற்க அவகாசம் உண்டு. நவாஸ் நிரூபித்தார். ஆனால் நிரூபித்தது யாருக்கு எதிராக என்ற கேள்வி உடனே எழுந்திருக்கும். பங்களாதேஷ் 2000 நவம்பரில்தான் முதல் டெஸ்ட் ஆடிய அணி. 2002 நடுப்பகுதிவரை ஒரு டெஸ்டிலும் வென்றதில்லை. அவர்களுக்கு எதிராக அடித்த ஓட்டங்களைச் செல்லாக் காசாகக் கருதுவது அக்காலத்தில் சர்வசாதாரணம். மூத்தவர்களுக்கு ஓய்வு கொடுத்தபோது வந்த வாய்ப்பு, மூத்தவர்கள் திரும்பியதும் போய்விட்டது. இது சதியுமல்ல, நீதியுமல்ல. ஒரு வழக்கம்.

வழக்கம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. நவாஸ் பிறந்த அதே 1973 இல்தான் இலங்கையின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நிறைவேறியது. தேசிய அணிகளின் பெயர்ப்பட்டியல் விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரத்துக்குப் போக வேண்டும் என்ற நடைமுறை அச்சட்டத்தின் கீழ் வந்தது. தெரிவாளர்களை நியமிப்பதிலும் அரசியல் கை நுழைந்தது. கிரிக்கெட் சபை கலைக்கப்பட்டு இடைக்காலக் குழுக்கள் அமர்த்தப்படுவது 1999 இலிருந்து திரும்பத் திரும்ப நடந்தது. அவ்வாறான நிருவாகத்தில் ஒரு வீரரை ஏன் சேர்த்தோம், ஏன் நீக்கினோம் என்று பொதுமக்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. சொல்லப்படாத காரணத்தின் இடத்தில் சந்தேகம் குடியேறுகிறது. சிங்களவர் கட்சியைச் சந்தேகிப்பார். தமிழர் இனத்தைச் சந்தேகிப்பார். முஸ்லிம் மதத்தைச் சந்தேகிப்பார். பாடசாலையைச் சந்தேகிப்பவரும் உண்டு. தலையீட்டின் விலையை நாடு பின்னர் கொடுத்தது. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் இடைநிறுத்தி, 2024 ஜனவரியில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் வயது கடந்துபோன இளம் வீரர்களின் பெயர்களை எவர் குறித்து வைத்திருக்கிறார்?

நவாஸின் கதை 2002 இல் முடிந்திருந்தால் இது ஒரு புலம்பலாகவே மிஞ்சியிருக்கும். அவர் பயிற்றுநரானார். 2018 இல் பங்களாதேஷின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியைப் பொறுப்பேற்றார். 2020 பெப்ரவரி 9 இல் தென்னாபிரிக்காவின் பொச்சப்ஸ்ட்ரூமில் நடந்த இளையோர் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அந்த அணி இந்தியாவை 177 ஓட்டங்களுக்குச் சுருட்டியது. மழை குறுக்கிட்டு இலக்கு 170 ஆக மாற்றப்பட, தலைவர் அக்பர் அலி ஆட்டமிழக்காமல் 43 ஓட்டங்களோடு நின்று 3 விக்கட்டுகளால் வென்று கொடுத்தார். எந்த வயது மட்டத்திலும் பங்களாதேஷ் வென்ற முதல் உலகக் கிண்ணம் அது. எந்த நாட்டுக்கு எதிராகப் பெற்ற ஓட்டங்கள் மலிவானவை என்று கருதப்பட்டனவோ, அந்த நாட்டின் பிள்ளைகளை உலகின் உச்சியில் நிறுத்தியவர்களில் ஒருவர் அதே நவாஸ். பின்னர் 2022 இல் இலங்கை அணியின் உதவிப் பயிற்றுநராக அழைக்கப்பட்டார். அவ்வாண்டு இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2024 இல் மீண்டும் பங்களாதேஷ் இளையோரிடம் போனார். டிசம்பரில் அவர்கள் துபாயில் இந்தியாவை வென்று இளையோர் ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள்.

இதைச் சொல்லி "பாருங்கள், அல்லாஹ் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பான்" என்று ஆறுதல் கொள்ளலாம். ஈமானுள்ளவனுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கத்ரை முன்வைத்து மனிதர் செய்யாமல் விட்ட கடமையை மறைக்கக் கூடாது. இழந்த டெஸ்ட்களைப் பயிற்றுநரின் கிண்ணங்கள் ஈடு செய்யா. நாம் கேட்க வேண்டியது வேறொன்று. ஒரு விளையாட்டு வீரனின் நியாயத்தையும் அநியாயத்தையும் நிறுத்துப் பார்க்க நம்மிடம் என்ன ஆவணம் இருக்கிறது?

நம் சமூகம் எழுதிய வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். சித்தி லெப்பையைப் பற்றி எழுதியிருக்கிறோம். மருதானை ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய டி. பி. ஜாயாவைப் பற்றியும் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். புலவர்கள், ஆலிம்கள், அரசியல்வாதிகள் எல்லோருக்கும் நூல்கள் உண்டு. அதே ஸாஹிரா மைதானத்தில் ஓடிய கால்களைப் பற்றி? கொம்பனித்தெருவில் 1872 இல் தொடங்கிய மலாய் கிரிக்கெட் கழகத்தைப் பற்றி? அதே தெருவின் ஜாவா லேன் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி? சுகததாச விளையாட்டரங்கின் நிழலில் வெறுங்காலோடு பந்துதைத்த கொட்டாஞ்சேனைப் பையன்களைப் பற்றி? பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாள் வந்து மறுநாள் கடலை சுற்றப்போன செய்திகளைத் தவிர அதிகம் இல்லை.

எழுதாதவனுக்கு முறைப்பாடு மட்டுமே மிஞ்சும். ஓட்டங்கள், பருவங்கள், யார் ஆடினார், யார் வெளியே இருந்தார் என்ற பட்டியல்கள் இருந்தால் "எங்கட ஆள் என்றபடியால்" என்ற சொல் ஒன்றில் நிரூபணமாகும், அல்லது உதிர்ந்துபோகும். இரண்டுமே நமக்கு நல்லது. இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன் அணியில் விடுபடும்போது அவனது தகப்பன் அதே வாங்கில் இருந்து அதே வார்த்தையைச் சொல்வார். அந்த வார்த்தை சரியா பிழையா என்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. மட்டையைக் கீழே வைப்பதா, இன்னும் ஒரு பருவம் முயல்வதா என்று அந்த மகன் முடிவெடுக்க வேண்டியது அந்தத் தெரியாமையில் நின்றுதான்.

கழகங்களின் பழைய ஓட்டப் புத்தகங்கள் இன்னும் சில அலுமாரிகளில் கிடக்கின்றன. ஆடியவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கரையான் முந்துவதற்குள் நமது எழுத்தாளர்களில் இரண்டு பேராவது கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அந்த வீடுகளின் கதவைத் தட்டட்டும்.