யார் வெட்டிய கால்வாய்?

நசரத்பேட்டையில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. மழை பெய்தால் வடக்கே கூவமும் உண்டு. அப்படியிருந்தும், தண்ணீர் பார்ப்பதற்காகவே நாங்கள் நாற்பத்திரண்டு பேர் பணம் கட்டி, பெங்களூர்ச் சாலையில் பஸ் ஏறி, இரவெல்லாம் பிரயாணம் செய்து, ஏறக்குறைய 700 கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள ஆலப்புழைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கோஷ்டியாகச் சுற்றுலா போவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் வியப்படைய வேண்டும் என்பதையெல்லாம் நமக்காக வேறு ஒருவர் தீர்மானித்து விடுகிறார். எங்களிடம் கொடுத்திருந்த அச்சிட்ட காகிதத்தில் கலங்கரை விளக்கத்துக்கு இருபது நிமிஷமும், கால்வாய்க்குப் பதினைந்து நிமிஷமும், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணியும் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் கோஷ்டியின் ருசியை நன்றாக அறிந்தவர்கள்தாம் அந்தக் காகிதத்தைத் தயாரித்திருக்க வேண்டும்.

கோஷ்டியில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர்கள் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு தம்பதி இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவியும் இருந்தாள். பேரன் சம்பாத்தியத்தில் முதல் முறையாக ஊர் பார்க்கப் புறப்பட்டவள். இரண்டாம் நாளுக்குள் நாங்கள் எல்லோருமே அவளை 'ஆயா' என்று கூப்பிட ஆரம்பித்து விட்டோம். இளமையில் கழனி வேலை செய்தவள். பிறகு 'நூறு நாள் வேலை' வந்ததும் ஏரிக் கால்வாய்களில் தூர் வாரப் போனவள். இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு.

ஆலப்புழையில் எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி சுறுசுறுப்பான ஒரு மலையாள வாலிபர். தமிழை மலையாள ராகத்தில் பேசினார். "கீழை நாட்டு வெனிஸ்!" என்று கையை வீசி ஆரம்பித்தார். அப்படிப் பெயர் சூட்டியவர் கர்ஸன் பிரபு என்று அந்த ஊரில் எல்லோருமே சொல்லுகிறார்கள். உலகத்தில் இரண்டு வாய்க்காலும் ஒரு பாலமும் இருந்தால் அந்த ஊரை வெனிஸ் ஆக்கி விடுவது வெள்ளைக்காரப் பிரயாணிகளின் பழைய வழக்கம். ஆனால் இத்தாலியிலுள்ள வெனிஸின் பூர்வ கதை அத்தனை ஆடம்பரமானதல்ல. நிலப்பகுதியில் படையெடுப்புக்குப் பயந்து ஓடி வந்த ஜனங்கள், வேறு போக்கிடமில்லாமல் காயலின் சேற்றுத் திட்டுகளில் குடியேறி, மரக் கழிகளை அறைந்து அவற்றின்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். மாளிகைகளும் சங்கீதமும் பிற்பாடு வந்தவை.

ஆலப்புழை அப்படித் தற்செயலாக உண்டான ஊர் அல்ல. திட்டம் போட்டு உண்டாக்கிய ஊர். திருவிதாங்கூரில் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மகாராஜா ஆட்சி செய்த காலம் அது. 1762-ல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதை உண்டாக்கியவர் ராஜா கேசவதாஸ் என்று வழிகாட்டி முழங்கினார். கேசவதாஸ் பிறந்தது 1745-ல். துறைமுகம் திறந்தபோது அவருக்கு வயது பதினேழு! அவர் திவானானது 1789-ல்தான். பெரிய மனிதர்களுக்கு வயது பார்ப்பது வழிகாட்டிகளின் வழக்கம் இல்லை. எப்படியானாலும், குஜராத்திலிருந்தும் கட்சிலிருந்தும் வியாபாரிகளை வரவழைத்துக் குடியேற்றி, அந்த ஊரைப் பெரிய சந்தையாக வளர்த்த பெருமை கேசவதாஸையே சேர்ந்தது.

அங்கே எதற்காகக் கால்வாய் வெட்டினார்கள் என்பதை வரைபடத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்ளலாம். கிழக்கே மலைகள். மலைகளில் மிளகும் இஞ்சியும் ஏலமும் விளைகின்றன. பம்பை முதலான ஆறுகள் அங்கிருந்து இறங்கி வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. ஆகையால் மூட்டைகளைப் படகில் ஏற்றிவிட்டால் காயல் வரைக்கும் தண்ணீரே சுமந்துகொண்டு வந்து விடும். ஆனால் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் பட்டை குறுக்கே கிடக்கிறது. அந்த மணலைக் கிழித்துக்கொண்டு, கடற்கரைப் பக்கத்துக் கிடங்குகள் வரையில் படகுகள் வருவதற்காக வெட்டியவைதாம் வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலப்புழையில் கப்பல் ஒதுங்குவதற்கு ஆற்று முகத்துவாரம் கிடையாது, குடாவும் கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனால் இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் வெண்ணெய் போன்ற மெல்லிய சேறு திரண்டு நிற்பதுண்டு. அலைகளின் வேகத்தை அந்தச் சேறு விழுங்கி விடுகிறது. சுற்றிலும் கடல் சீறிக்கொண்டிருக்க, நடுவே ஒரு துண்டுக் கடல் மட்டும் குளம்போல் கிடக்கும். கப்பல்கள் அதில் வந்து நங்கூரம் பாய்ச்சின. மலையாளத்தில் இதைச் 'சாகரை' என்கிறார்கள். திவானின் துறைமுகத்துக்குச் சேறு காவல்!

1859-ல் டாரா என்ற அமெரிக்கர் இங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையை ஆரம்பித்தார். 1862-ல் கலங்கரை விளக்கமும் கடற்பாலமும் வந்தன. பிறகு ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினீயர் கொச்சி முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டைத் தோண்டி வழி உண்டாக்கினார்; 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் அங்கே உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதிலிருந்து ஆலப்புழையின் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொச்சிக்குப் போய்விட்டன. இப்போது கடற்கரையில் மிஞ்சியிருப்பவை பழைய கடற்பாலத்தின் இரும்புத் தூண்கள். நெல்லும் கொப்பரையும் ஏற்றிய கெட்டுவள்ளங்களின் வம்சம் இன்று குளிர்சாதன அறைகளோடு பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறது.

காகிதத்தில் கண்டபடி பதினைந்து நிமிஷத்துக்கு எங்களைக் கால்வாய்க் கரையில் நிறுத்தினார்கள். தண்ணீரைவிட ஆகாயத் தாமரைதான் அதிகமாகத் தெரிந்தது. புதுத் தம்பதி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். உபாத்தியாயர்களில் ஒருவர் காபி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அப்போதுதான் ஆயா வழிகாட்டியிடம் கேட்டாள்:

"ஏம்பா, இம்மாம் மண்ண வெட்டி எங்க கொட்டினாங்க?"

வழிகாட்டி திகைத்துப் போனார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அது கரையில்தான் போட்டிருக்கும், அம்மே" என்றார்.

"யாரு வெட்னது?"

"ராஜா கேசவதாஸ்."

"அவுரு வெட்டச் சொன்னாருப்பா. வெட்னது யாரு? கூலி இன்னா குடுத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொடியை உயர்த்தினார். சாப்பாட்டுக்கு நேரமாகி விட்டது.

திரும்பி வருகையில் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பஸ்ஸில் போட்ட சினிமா அதற்கு ஒரு காரணம். ஆயாவின் கேள்வி இன்னொரு காரணம். வேற்றூர்க் கால்வாயைப் பற்றி அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒரு கால்வாயை வெட்டியவர்கள் யார், கூலி என்ன என்பது எனக்குத் தெரியும். அந்தக் கால்வாய் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க எந்தக் கோஷ்டியும் புறப்படுவதில்லை. பார்த்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பால் போய் விடுகிறார்கள்.

சென்னைப் பட்டணமும் கால்வாய் நகரமாகத்தான் இருந்தது. 1806-ல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் தூரம் வெட்டிய கால்வாய்க்குப் பணம் போட்டவர் பாஸில் காக்ரேன் என்ற வியாபாரி. அதனால் அது காக்ரேன் கால்வாய் ஆயிற்று. பிறகு பழவேற்காடு வரைக்கும், அதற்கு அப்பாலும் நீண்டது. பேசின் பிரிட்ஜ் என்று ரயிலில் கேட்கிறோமே, அந்த 'பேசின்' படகுகள் நின்ற குளந்தான். சால்ட் கோட்டர்ஸ் என்பது உப்புக் கொட்டாரம். உப்பும் விறகும் நெல்லும் பட்டணத்துக்குப் படகில் வந்தன. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஐந்து மைல் தூரத்துக்குக் கால்வாய் கிடையாது. அந்த ஐந்து மைலைப் பஞ்சம் வந்து வெட்டியது.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. ஜனங்கள் கிராமங்களை விட்டுப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அதற்குக் காவலும் இருந்தது. வாங்குவதற்குத்தான் அவர்களிடம் காசு இல்லை. மேற்கேயிருந்து வந்தவர்களுக்குப் பூந்தமல்லி வழிதான் வழி. எங்கள் ஊரைக் கடந்துதான் அவர்கள் போயிருக்க வேண்டும். எங்கள் ஊராரும் அவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பார்கள்.

அப்போது சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். மற்ற பிரபுக்களோடு ஒப்பிட்டால் மோசமானவர் என்று சொல்ல முடியாது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவோ, 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய டில்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். சென்னை சர்க்கார் தாராளமாகச் செலவழிக்கிறதே என்ற கவலை அவருக்கு. ஆகவே சர் ரிச்சர்ட் டெம்பிளை மேற்பார்வைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள்தான் சில வருஷங்களுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது புகழ்ச்சி அல்ல. வீண் செலவு செய்தவர் என்ற கெட்ட பெயர். அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ளவே அவர் சென்னைக்கு வந்தார் என்பது என் அபிப்பிராயம்.

அவர் நிர்ணயித்த கூலி இது: நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதோடு ஓர் அணா. ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் குறைவு. சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் மட்டும் இதை எதிர்த்து விடாமல் போராடினார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அந்த வருஷம் மார்ச்சில் சென்னை சர்க்கார் பாதி வழிக்கு இறங்கி வந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியம், சிறிது பருப்பு. பஞ்சம் முடிவதற்குள் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே மண்வெட்டிகள் விழுந்தது இந்த 1877, 78-ஆம் வருஷங்களில்தான். பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஜனங்கள் அந்த ஐந்து மைலையும் வெட்டி முடித்தார்கள். கால்வாய்க்குக் கோமகனின் பெயரை வைத்தார்கள். வடக்கே பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோ மீட்டர், அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1965, 66-ஆம் வருஷங்களின் புயல்களுக்குப் பிறகு படகுகள் குறைந்து போயின. 1990-களில் பட்டணத்துக்குள் பறக்கும் ரயிலுக்கான தூண்களை அந்தக் கால்வாயிலேயே இறக்கினார்கள். 2004-ல் சுனாமி வந்தபோது, மதிப்பிழந்து கிடந்த அதே பள்ளம் எத்தனையோ இடங்களில் கடல் நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கரைக்குப் பின்னாலிருந்த ஜனங்களைக் காப்பாற்றியது.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், பேரனிடம் சொல்லிவிட்டு ஆயாவை மயிலாப்பூருக்கு அழைத்துப் போனேன். பஸ் மாறிப் போவதற்குள் மத்தியானம் ஆகி விட்டது. திருமயிலை ரயில் நிலையத்துப் பக்கம் கால்வாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆயா கீழே எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீர், அதில் நட்டு வைத்த சிமெண்டுத் தூண்கள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. கரையைத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"ஆம்பள வெட்டியிருப்பான். பொம்பளைங்க கூடையில தூக்கியிருப்பாங்க. ஆழம் போகப் போக மேல ஏறி வர்றதுதான் கஷ்டம், தம்பி. இடுப்பு உட்டுப் பூடும்" என்றாள். பிறகு, "இன்னா குடுத்தாங்கன்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"முதலில் ஒரு ராத்தல், ஆயா. அப்புறம் ஒன்றேகால். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே."

ஆயா விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். "ஒருத்தருக்குன்னா ஒப்பேத்திக்கலாம். கூட வந்த கைக்குழந்தைங்களுக்கு?"

தலைக்குமேல் ரயில் ஒன்று கடந்து போயிற்று. அதன் சத்தம் அடங்குகிற வரையில் இருவரும் பேசாமல் நின்றோம்.

"வா தம்பி, பூந்தமல்லி பஸ்ஸு பூடும்" என்று ஆயா முன்னால் நடந்தாள்.