தொப்பிக்குள் கை

போன மாதம் இங்கே புனேயில் ஒரு ஃப்ரிஸ்பீ போட்டி. பெயர் கொடுக்கும் படிவத்தில், உங்கள் ஆட்டத்துக்கு நீங்களே 1 முதல் 5 வரை மார்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நான் 2 போட்டேன். அந்த 2-தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

அல்டிமேட் ஃப்ரிஸ்பீ பார்க்காதவர்களுக்கு ரெண்டு வரி. 175 கிராம் பிளாஸ்டிக் தட்டு, பக்கத்துக்கு ஏழு பேர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, வீசித்தான் நகர்த்த வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்துக்குள் நம்ம ஆள் பிடித்தால் ஒரு பாயிண்ட். அம்பயர் கிடையாது, ஃபவுல் என்றால் ஆடுகிறவர்களே சொல்லி, அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். 1968-ல் நியூஜெர்சி மேப்பிள்வுட்டில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் ஆரம்பித்த ஆட்டம். (அவர்களில் முக்கியமானவர் ஜோயல் சில்வர். பிற்பாடு 'மேட்ரிக்ஸ்' படத்தைத் தயாரித்தவர்!) சென்னை அணி ஒன்றைப் பற்றி 2015-ல் '175 கிராம்ஸ்' என்று ஒரு குறும்படம்கூட வந்தது.

நான் ஆடப் போனது 'ஹாட் டோர்னமெண்ட்'. ஹாட் என்றால் சூடு இல்லை, தொப்பி. அணியாக வரமுடியாது, தனித்தனியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். தொப்பியில் சீட்டு எடுப்பதுபோல அணிகளை அவர்களே பிரிப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹாண்டிகேப் என்ற வார்த்தையும் பிறந்தது தொப்பிக்குள்தான். 'ஹாண்ட் இன் கேப்'. லண்டன் மதுக்கடைகளில் 17-ஆம் நூற்றாண்டில் ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டு. 1660 செப்டம்பர் 18-ஆம் தேதி டைரியில் சாமுவேல் பீப்ஸ், இதுவரை அறியாத நல்ல விளையாட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்.

என்னிடம் ஒரு கடிகாரம், உங்களிடம் ஒரு கோட்டு என்று வையுங்கள். மாற்றிக்கொள்ள ஆசை, ஆனால் மதிப்பு சமமில்லை. மூன்றாவதாக ஒருவர் நடுவர். கோட்டுக்காரர் மேற்கொண்டு இவ்வளவு தரவேண்டும் என்று அவர் சொல்வார். மூன்று பேரும் முன்பே கொஞ்சம் காசு கட்டியிருப்பார்கள். நாம் இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுப்போம். கையில் காசு இருந்தால் சம்மதம், வெறுங்கை என்றால் இல்லை. இருவர் பதிலும் ஒன்றாக இருந்தால் கட்டிய காசு நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் காசு அவருக்கு. நடுவர் ஒருபக்கமாகத் தீர்ப்புச் சொன்னால் லாபப்படுகிறவர் 'சரி' என்பார், மற்றவர் 'முடியாது' என்பார், நடுவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆக, நியாயமாக அளந்தால்தான் அவருக்கு வருமானம். எவன் யோசித்தானோ, புத்திசாலி!

அடுத்த நூற்றாண்டில் இது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை. 1791-ல் அஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் ஹாண்டிகேப்பில் இளவரசரின் 'பேரனெட்' ஜெயித்தது. 1855-ல் அட்மிரல் ரூஸ் என்ற கடற்படைக்காரர் எடை போடும் அதிகாரியாகவே நியமிக்கப்பட்டார். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடவேண்டும் என்பதுதான் லட்சியம்.

கவனியுங்கள், அப்போது ஹாண்டிகேப் என்பது பலசாலி மேல் வைத்த பாரம். உடல் ஊனத்தைக் குறிக்க ஆரம்பித்தது ரொம்பப் பின்னால்.

அளவுகோல் வந்தால் ஏமாற்றும் வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஸ்டாவெல் என்ற தங்கச் சுரங்க ஊரில் 1878 முதல் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. மெதுவாக ஓடுகிறவர் சில மீட்டர் முன்னால் நிற்கலாம். கடைசிக் கோட்டில் நின்று முதன்முதலில் ஜெயித்தவர் மடகாஸ்கர் நாட்டு ரவேலோமனன்ட்சோவா, 1975-ல்தான். நல்ல இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சின்னப் பந்தயங்களில் வேண்டுமென்றே தோற்கிறவர்கள் அங்கே எப்போதும் உண்டு.

அணி ஆட்டத்தில் போலோக்காரர்கள்தான் ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். 1890-ல் தொடங்கிய அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவர் ஹெர்பர்ட் கொண்டுவந்த முறை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் எண், இன்றைக்கு மைனஸ் 2 முதல் 10 வரை. நாலு பேர் எண்ணையும் கூட்டி, இரண்டு அணிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சக்கர்களால் பெருக்கி, ஆறால் வகுத்தால் பலவீனமான அணிக்கு எத்தனை கோல் இனாம் என்று தெரியும். 12-க்கு 8, நாலு சக்கர் என்றால் இரண்டரை கோல். (அரை கோல்! பின்னத்தை அரையாக எடுத்துக்கொள்வார்கள்.)

ஃப்ரிஸ்பீயிலும் இப்படிப் பாயிண்ட் இனாம் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம், ஸ்கோர் சமமாகிவிடும். ஆட்டம் சமமாகாது. குதிரை மேல் வைத்த ஈயம் கடைசிவரை அதை இழுக்கும். இங்கே இனாம் வாங்கிய அணி முழு நேரமும் மிதிபட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்களைக் கலக்குகிறார்கள். மார்க்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று பாம்புபோலப் பகிர்ந்து கொடுப்பார்கள். பெண்கள், உயரமானவர்கள், 'என் சிநேகிதனோடுதான் ஆடுவேன்' என்கிறவர்கள் (இவர்களுக்குப் பெயர் பேக்கேஜ்!) எல்லாம் தனிக் கணக்கு. ஒரு எண் பொய்யானாலும் கட்டு குலைந்துவிடும்.

நம்மூரில் இதற்கு அம்பயரும் இல்லை, படிவமும் இல்லை. உத்தி பிரிப்போம். ஒரே பலமுள்ள ரெண்டு பேர் தோளில் கைபோட்டு ஓரமாகப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். சூரியனா சந்திரனா என்று கேட்டால் தலைவன் ஒன்றைச் சொல்வான். தனக்குச் சமம் யார் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். சோப்ளாங்கியைக் கூட்டிக்கொண்டு போனால் தெருவே சிரிக்கும். மிச்சமிருக்கும் பொடியன் ஒப்புக்குச் சப்பாணி.

சரி, என் 2. நாலு வருடமாக ஆடுகிறேன், நியாயமாக 4 போட்டிருக்க வேண்டும். 'சுமாரா ஆடுவேங்க' என்கிற நம்ம தன்னடக்கம் பாதி. என்னைக் குறைவாகக் காட்டினால் ஈடுகட்ட இன்னொரு நல்ல ஆள் நம் பக்கம் விழுவான் என்ற கணக்கு மீதி.

விழுந்தான். முதல் ஆட்டம் 15-4. எதிரணியில் ஒரு புதுப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாம். அன்றைக்கு அவன் தட்டைத் தொட்டது மூன்று தடவை இருக்கும், மூன்றும் வெளியே போய் விழுந்ததை எடுத்துக் கொடுக்க.

சாயங்காலம் நடத்துகிற பெண் வந்து, "தாதா, நீங்க 2-ஆ?" என்று கேட்டாள். (இங்கே தாதா என்றால் அண்ணன்தான்.) என்ன பதில் சொல்ல. அசடு வழிந்தேன்.

ஞாயிறு காலை என்னை அந்தப் பையனின் அணிக்கு மாற்றினார்கள். 13-15 என்று தோற்றோம். அவன் பாயிண்ட் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் தட்டு பத்துத் தடவையாவது அவன் கைக்குப் போனது. அதில் ஏழு என் கையிலிருந்து.